நுவரெலியாவில் ஹைட்ரேஞ்சியாவுக்கு எப்போது கவ்வாத்து?

வணக்கம் உறவுகளே. எங்கள் லயத்து (தேயிலைத் தோட்ட வரிசை வீடு) வாசலில் சின்னத் துண்டு நிலம். அதில் குட்டை ரக ஹைட்ரேஞ்சியா, இடுப்பளவுக்கு மேல் போகாதது. தேயிலை மண்ணின் புளிப்புக்குப் பூ நல்ல நீலமாக வருகிறது, மாதக்கணக்கில் நிற்கிறது. அம்மாவுக்கு அதன் மேல் அவ்வளவு ஆசை!

குழப்பம் கிளை வெட்டும் கவ்வாத்தில்தான். இந்த வகை பெரும்பாலும் போன வருடக் கிளையின் மொட்டில்தான் பூக்கும். குளிர் நாடுகளில் இலை முழுக்க உதிர்ந்து செடி ஓய்வெடுக்கும். காலம் பார்த்து வெட்டலாம். இங்கே இலை அரைகுறையாக உதிரும்போதே புதுத் துளிரும் வந்துவிடுகிறது. அப்புறம் ஜனவரி, பெப்ரவரிப் பனியில் அது கருகிப்போகிறது.

அப்படியானால் பூ முடிந்த உடனே வெட்டுவதா, பனி போகும்வரை பொறுப்பதா? ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் வளர்ப்பவர்கள் எந்த மாதம், எந்தக் கணுவுக்கு மேல் வெட்டுகிறீர்கள்? வெட்டிய கிளையின் படம் போட்டால் பெரிய உதவி.