ஒரத்தநாடு முத்தம்பாள் சத்திரத்தில் தங்கியவர்கள் பற்றித் தெரியுமா?

வணக்கம். தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை சாலையில் போகிறவர்களுக்கு ஒரத்தநாட்டுச் சத்திரம் தெரிந்திருக்கும். 1798 முதல் 1832 வரை ஆண்ட தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி தன் அன்புக்குரிய முத்தம்பாளின் நினைவாகக் கட்டியது. ஊருக்கே முத்தம்பாள்புரம் என்றொரு பெயர் உண்டு. அந்தக் காலத்தில் ராமேசுவரம் யாத்திரை போனவர்களுக்குச் சோறும் திண்ணையும் மட்டும் இல்லை, நோயாளிக்கு மருந்து, கர்ப்பிணிக்குப் பிரசவம் பார்ப்பது, பிள்ளைகளுக்குப் படிப்பு எல்லாம் உண்டாம். இன்றைய லாட்ஜில் தண்ணீர் பாட்டிலுக்கே தனிக் காசு!

எங்கள் தாத்தா சின்ன வயதில் அங்கே தங்கிப் படித்தவர். குதிரைகள் இழுக்கும் தேர் மாதிரியான அந்தக் கல் மண்டபத்தில் ஏறி உட்கார்ந்து திட்டு வாங்கியதை அடிக்கடி சொல்வார். வருஷம் மட்டும் சொன்னதே இல்லை, நாங்களும் கேட்டு வைக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அங்கே தங்கியிருந்தாலோ வேலை பார்த்திருந்தாலோ சொல்லுங்கள். பழைய போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், மராட்டியர் காலத்துக் கணக்கெல்லாம் மோடி எழுத்தில் (மராத்தியை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்துமுறை) இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மோடி ஆவணங்களைப் பார்க்க யாரிடம், எப்படி அனுமதி வாங்க வேண்டும் என்று தெரிந்தாலும் சொல்லுங்கள். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன்.