டிரம்பெட் மவுத்பீஸ்: ஷேங்க் (குழல்ல செருகுற தண்டு) சரியா கடைய ஆள் வேணும்

தங்கச்சிமடம் பேண்டு செட்டுக்கு 5 டிரம்பெட் மவுத்பீஸ், பாக் கம்பெனியோட 7சி அளவு. சின்ன லேத் பட்டறையில கொடுத்து 9 வாரம். வந்தது மாதிரிக்கு ஒண்ணுதான். கப் (உதட்டுக்குழி) விட்டம் 16.2 மி.மீ., விளிம்பு அருமை. ஷேங்க்தான் கோளாறு: டிரம்பெட் குழல் வாய்லயே இறுகிடுது, நுனி உள்ளே ஆடுது.

டெஃப்லான் டேப் சுத்தினா ஆட்டம் நிக்குது, சுருதி ஏறலை. டியூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்கிற நகர்குழாய்) முழுசா தள்ளியும் தாழ்வுதான். எமரி போட்டதுல வட்டம் கெட்டதுதான் மிச்சம். மோர்ஸ் 0 டேப்பர் (நிலையான ஒரு சரிவு அளவு) வேணும்: 20 மி.மீ.க்கு விட்டம் சுமார் 1 மி.மீ. கூடணும். இதுல 15 மி.மீ.க்கே அவ்வளவு கூடுது. முலாமும் இல்லை, உப்புக்காத்துல நாலே நாள்ல பச்சைக் களிம்பு, உதட்டுல வைக்க முடியலை.

ராமநாதபுரம், மதுரைப் பக்கம் இந்த டேப்பரைக் கடைஞ்சு வெள்ளி முலாமும் போட்டுத் தர்ற பட்டறை யாருக்காவது தெரியுமா?