30 வருஷம் பரணில் கிடந்த மிக்-21: முடிக்கிறதா, புதுசு வாங்குறதா?

சிங்காநல்லூர்_பரண்

வணக்கம்ங்க. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கட்டுற மாடல் விமான கிட்ல நான் கடைசியா பசையைத் தொட்டது 1995-ல, ஒன்பதாவது முழுப்பரீட்சை லீவுல. இப்போ வயசு 44.

2025 செப்டம்பர் 26 அன்னிக்கு சண்டிகர்ல நம்ம விமானப்படையோட மிக்-21 போர் விமானத்துக்கு விடை கொடுத்ததை வீட்டுல டிவில பார்த்தோம். அப்பா விமானப்படையில் என்ஜின் ஃபிட்டரா இருந்தவர். சர்வீஸ்ல பாதி அந்த விமானத்துக்கு அடியில படுத்தே போச்சு. நிகழ்ச்சி முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. முடிஞ்சதும், "அந்த டப்பா பரண்ல இருக்குதா, இல்ல உங்கம்மா எடைக்குப் போட்டுட்டாளா?"ன்னு கேட்டார்.

இருந்துச்சு. மிக்-21 கிட், ஃபுஜிமி கம்பெனியோடது, 72-ல் 1, அதாவது நிஜ விமானத்துல 72-ல ஒரு பங்கு அளவு. சிங்கப்பூர்ல இருந்து சித்தப்பா வாங்கிட்டு வந்தது. அந்த வருஷம் அப்பா ரெண்டு மாச லீவுல வந்திருந்தார், ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சோம். லீவு முடிஞ்சு அவர் ரயில் ஏறினதோட வேலையும் நின்னுபோச்சு.

இப்போ நிலவரம் இதுதான்: உடல் பகுதி ரெண்டு பாதியும் ஒட்டியாச்சு. இடது இறக்கை ஒட்டியாச்சு. வலது இறக்கை இன்னும் பாகங்களை வார்த்த பிளாஸ்டிக் சட்டத்துலயே தொங்குது. டெக்கால் தாள் (தண்ணில நனைச்சு ஒட்டுற சின்னம், எழுத்து எல்லாம் இருக்கிற தாள்) டீ சிந்தின மாதிரி மஞ்சளாயிருச்சு. எனாமல் பெயின்ட் டப்பி எல்லாம் கல்லு. இடது இறக்கை மேல ட்யூப் பசையோட அமுக்கின கட்டைவிரல் ரேகை ஒண்ணு, வரி வரியா, ரேஷன் கடை மெஷின்ல வெச்சா அரிசியே போடுவாங்க போல. அதுக்காக அன்னிக்கு அப்பாகிட்ட வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்குது.

இதை முடிக்கலாமா, இல்ல பேசாம புது கிட் வாங்கலாமா? இன்னொண்ணு, கிட்டப் பார்வை போயிருச்சுங்க. சக்கரத்தைப் பிடிச்சா கை தெரியுது, சக்கரம் தெரியலை.

---

வேளச்சேரி72

வாங்க சார். முடிக்கலாம், தாராளமா.

ஒட்டின பாகங்களைப் பிரிக்க முயற்சி பண்ணாதீங்க. அந்த ட்யூப் பசை பிளாஸ்டிக்கைக் கரைச்சு ரெண்டையும் ஒண்ணாக்கிடும். அது ஒட்டு இல்ல, வெல்டிங். இடைவெளி இருந்தா கார் பெயின்ட் கடையில என்.சி. பட்டி வாங்கி, மெல்லிசா பட்டி பார்த்து, காய்ஞ்சதும் வாட்டர் பேப்பர்ல தேய்ங்க. முதல்ல 400 நம்பர் பேப்பர், அப்புறம் 1000. அதே கடையில தர்ற தின்னரை மட்டும் பிளாஸ்டிக் பக்கம் கொண்டு போயிடாதீங்க, இறக்கை வெல்லப்பாகு ஆயிடும்.

புதுசா ஒட்டறதுக்கு டாமியா கம்பெனியோட பச்சை மூடி பசை பாட்டில். நீங்க விட்டுப் போன காலத்துக்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசமே இதுதான். தண்ணி மாதிரி இருக்கும். முதல்ல ரெண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிச்சுக்குங்க, அப்புறம் மூடியில இருக்கிற பிரஷ்ஷால இணைப்புல லேசா தொடுங்க. திரியில எண்ணெய் ஏறுற மாதிரி அதுவே உள்ள ஓடிடும். விரல் அந்தக் கோட்டு மேல இருந்தா விரலுக்கு அடியிலயும் ஓடும், இன்னொரு ரேகை கிடைக்கும்.

டெக்கால் தாளை ஜிப் கவர்ல போட்டு வெயில் படுற ஜன்னல் கண்ணாடியில ஒட்டி வைங்க. ஒண்ணு ரெண்டு வாரத்துல மஞ்சள் வெளுக்கும். தண்ணில போடறதுக்கு முன்னாடி மேல கிளாஸ் வார்னிஷ் ஒரு கோட் கொடுங்க. பழைய டெக்கால் தண்ணியைப் பார்த்ததும் அப்பளமா நொறுங்கும். வேண்டாத ஒரு சின்ன எழுத்தை முதல்ல போட்டுப் பாருங்க.

முக்கியமா ஒண்ணு: மூக்குல கனம் வெச்சீங்களா? வைக்கலைன்னா விமானம் வால்ல உட்கார்ந்துக்கும். மூக்குக் கூம்பு இன்னும் ஒட்டலைன்னா தப்பிச்சீங்க, தூண்டில் ஈயக்குண்டு நாலஞ்சை உள்ள போட்டு ஒட்டிடுங்க.

---

கூடல்_தூரிகை

தம்பி, வேளச்சேரிக்காரர் சொன்ன வேலை முறை எல்லாம் சரி. ஆனா நான் வேற சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த டப்பாவை மூடி மறுபடி பரண்லயே வைங்க.

நானும் 12 வருஷம் விட்டுட்டு வந்தவதான். ரெண்டு பிள்ளை, ஒரு மாமியார், வேலை. திரும்பி வந்தப்போ ஆசையா சேர்த்து வெச்சிருந்த கிட்டைத்தான் முதல்ல உடைச்சேன். விமானி உட்கார்ற கண்ணாடியை சூப்பர் குளூ போட்டு ஒட்டினேன். மறுநாள் பார்த்தா உள்பக்கம் பூரா வெள்ளைப் புகை படிஞ்சிருக்கு. கை மறந்துபோச்சுங்கிறது அப்பத்தான் உறைச்சது. கண்ணாடிக்கு சாதாரண ஃபெவிகால் போதும், காய்ஞ்சா தெளிவா ஆயிடும். இது சின்ன வயசுல எனக்குத் தெரிஞ்ச விஷயம்!

அதனால முதல்ல கெட்டுப்போனா மனசு நோகாத ஒண்ணைக் கட்டுங்க. நான் எடுத்தது ஏர்ஃபிக்ஸ் கம்பெனியோட ஸ்பிட்ஃபயர் (பழைய பிரிட்டிஷ் போர் விமானம்), 72-ல் 1, பசை, பிரஷ், பெயின்ட் எல்லாம் கூடவே வர்ற ஸ்டார்ட்டர் செட். பெட்டியில 'மேட் இன் இந்தியா'ன்னு போட்டிருந்ததைப் பார்த்து ஒரு நாள் பூரா சிரிச்சேன், இங்க வார்த்ததை வெளியூர்ல இருந்து வரவழைச்சு வாங்கியிருக்கேன். சுமாரா வந்துச்சு. அடுத்தது பரவாயில்ல. மூணாவதுல கை திரும்பிடுச்சு.

கண்ணு விஷயம்: கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு இதைக் கேக்கலாமா? நகைப்பட்டறைச் சாமான் விக்கிற கடைக்குப் போங்க. தலையில மாட்டுற பூதக்கண்ணாடி, ஊசி அரம், கூர் இடுக்கி எல்லாம் அங்க கிடைக்கும். 'மாடலிங் டூல்ஸ்'னு பேர் போட்டு விக்கிறதை விட நயம். ஆசாரிங்க கையில எடுத்துப் பார்த்து வாங்குற பொருள், மட்டமா இருந்தா கடைக்காரரால விக்க முடியாது.

---

செராங்கூன்_சாலை

இங்கே சிங்கப்பூரில் நான் கட்டுவது எல்லாமே 48-ல் 1. 55 வயதுக்கு அதுதான் சரிப்படும். 72-ல் உங்கள் மிக்-21 இறக்கை நுனியிலிருந்து நுனிக்கு 10 செ.மீ. கூட வராது. 48-ல் 15 செ.மீ. எடுவார்டு கம்பெனியின் மிக்-21 பிஸ் ரக கிட் அந்த அளவில் இருக்கிறது, ரிவெட் வரிசைகூடத் தெரியும். அப்பாவுக்கும் கண்ணாடி போடாமல் பார்க்க முடியும்.

சித்தப்பா இன்னும் இங்கே இருந்தால் கிட் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். லேக்கர் பெயின்ட் (தின்னரில் கரைவது), தின்னர், பசை இவற்றை விமானத்தில் பெட்டியில் வைக்கக்கூடாது, எல்லாம் தீப்பிடிக்கும் சரக்கு. நான் ஒரு முறை ஏர்போர்ட்டில் நான்கு பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்கு தானம் செய்தேன்.

மழைக்காலத்தில் லேக்கர் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் பெயின்ட் வெள்ளை பூத்துவிடும். வீட்டில் வாடை பிரச்சினை என்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கே நல்லது.

---

சிங்காநல்லூர்_பரண்

எல்லாருக்கும் நன்றிங்க. ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

அக்கா சொன்னபடி ஸ்பிட்ஃபயர் ஒண்ணு கட்டினேன். சக்கரம் ரெண்டும் வாத்து மாதிரி வெளிப்பக்கமா திரும்பியிருக்கு. பையன் வாங்கிட்டுப் போய் ஃபேன்ல கட்டித் தொங்கவிட்டுட்டான். அப்புறம்தான் மிக்கை எடுத்தேன்.

ஈயக்குண்டு போட்டாச்சு, மூணு சக்கரத்துலயும் நிக்குது. டெக்கால் வெளுத்துச்சு, ஆனா வார்னிஷ் கொடுத்தும் ரெண்டு நொறுங்கிருச்சு. நமக்கு வேணுங்கிற காவி-வெள்ளை-பச்சை வட்டம் அந்தத் தாள்லயே இல்ல, அதனால நஷ்டம் இல்ல. அட்டையில வட்டம் வெட்டி வெச்சு பெயின்ட்லயே போட்டுட்டேன்.

பெயின்ட் அடிக்கறப்போ அப்பா சேர் போட்டுப் பக்கத்துலயே உட்கார்ந்துட்டார். நான் சக்கர நடுவட்டுக்கு வெள்ளி எடுத்தேன். "எவன் சொன்னான்? பச்சை"ன்னார். காக்பிட்டுக்கு சாம்பல் எடுத்தேன். "அது நீலமும் பச்சையும் கலந்த மாதிரி ஒரு கலரு, ரஷ்யாக்காரன் எல்லாத்துக்கும் அதைத்தான் அடிப்பான்"னு சொல்லி, அவரே மூணு கலரைக் கலக்கிக் கொடுத்தார். நெட்டுல போட்டோ பார்த்தேன், ரெண்டுமே அவர் சொன்னதுதான்.

அந்த ரேகைக்கு வர்றேன். தேய்ச்சு எடுத்துரலாம்னுதான் 400 பேப்பரைக் கிழிச்சு வெச்சேன். செல்வபுரத்துல வாங்கின பூதக்கண்ணாடியை மாட்டிக்கிட்டு முதல் தடவையா அதை நல்லாப் பார்த்தேன். ரேகைக்குக் குறுக்கால சாய்வா ஒரு வெட்டு ஓடுது. என் கட்டைவிரல்ல அப்படி எதுவும் இல்ல. அப்பா கட்டைவிரல்ல இருக்குது, என்ஜின்ல லாக்கிங் வயர் முறுக்கறப்போ கிழிச்சதுன்னு அவரே பத்துத் தடவை சொல்லியிருக்கார்.

அவர்கிட்ட கொண்டுபோய், கண்ணாடியையும் மாட்டிவிட்டுக் காமிச்சேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உன் விரல்தான்டா"ன்னுட்டு டிவி பார்க்கப் போயிட்டார்.

தேய்க்கலைங்க. அது மேலயே பெயின்ட் அடிச்சுட்டேன்.