அறிமுகக் குறிப்பில் குதிரை சவாரியைச் சொல்லலாமா?

கேள்வி (திருப்பூர்):
பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டு, இப்போது தனியாக டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆலோசனை செய்கிறேனுங்க. போலி ரிவ்யூ வாங்கித் தரமாட்டேன், விளம்பரக் கணக்கு வாடிக்கையாளர் பெயரிலேயே இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. அப்புறம், குதிரை சவாரி என்றால் உயிர். வாடிக்கையாளர்களுக்கான அறிமுகக் குறிப்பில் அதை எழுதினால் விளையாட்டுப் பிள்ளை என்று நினைப்பார்களா?

பதில் (ஈரோடு):
தாராளமாக எழுதுங்க தம்பி. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை பார்த்து வளர்ந்தவர்களுக்குக் குதிரை என்ன புதுசா? ஆனால் விளம்பரக் கணக்கு விஷயத்தை முதல் வரியிலேயே போடுங்க, கணக்கு விளம்பர ஏஜென்சி பெயரில் இருந்ததால், ஏஜென்சியை மாற்றும்போது பழைய டேட்டா மொத்தமும் கைவிட்டுப் போய் நிற்கிறவர்கள் நிறைய.

பதில் (கோபி):
குதிரை பிடிக்கும் என்று மொட்டையாக எழுதினால் மனசில் நிற்காது. எந்த இனக் குதிரைங்க, ராஜஸ்தான் மார்வாரியா, குஜராத் கத்தியவாரியா? காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுமே, அதைச் சொல்லுங்க.

கேட்டவர்:
மார்வாரிதாங்கண்ணா, பெண்குதிரை. லகானை வெடுக்கென்று இழுத்தால் தலையை உதறும், கொஞ்சம் தளர்த்திவிட்டுக் கெண்டைக்காலால் லேசாக அழுத்தினால் போதும், தானாகத் திரும்பும். சரி, இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.