அந்தமானில் ‘ஈகோ ரிசார்ட்’: அட்வான்ஸ் கட்டும் முன் என்ன கேட்பது?

வேளச்சேரி வெயில்:

பிப்ரவரி முதல் வாரம் அந்தமான் போகிறோம். சென்னையிலிருந்து எட்டுப் பேர். அதில் 9 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மொத்தம் 6 இரவு. டிராவல்ஸ்காரர் போட்டுக் கொடுத்த திட்டம்: போர்ட் பிளேர் 2, ஹேவ்லாக் தீவு 2, நீல் தீவு 1, திரும்ப போர்ட் பிளேர் 1. நடுவில் ஒரு நாள் பாராடாங் சுண்ணாம்புக் குகை.

ஹேவ்லாக்கில் மூன்று விடுதி காட்டுகிறார். மூன்றின் பெயரிலும் ‘ஈகோ’ ஒட்டியிருக்கிறது. மூங்கில் சுவர், ஓலைக்கூரை, தென்னையில் கட்டிய ஊஞ்சல் எல்லாம் ஒரே மாதிரி. வாடகை மட்டும் எங்கேயோ நிற்கிறது. எது நிஜம், எது வேஷம் என்று போனிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? பவளத்துக்குக் கெடுதல் இல்லாத சன்ஸ்கிரீன் என்று விற்கிறார்களே, வாங்கலாமா? விமானத்துக்குப் பதில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போவது சூழலுக்கு நல்லதா?

கிணற்றடி:

ஓலையை விடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, கரண்ட் எதில் ஓடுகிறது, குப்பையை என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். தடுமாறாமல் பதில் சொல்கிற மேனேஜர் கிடைத்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு.

தண்ணீர்தான் முதலில். அங்கே ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு. சுற்றுலாக் கூட்டமும் அதே மாதங்களில்தான். ஹோட்டலுக்கு ஐஎஸ் 1172 என்ற இந்தியத் தரநிலை வைத்திருக்கும் கணக்கு தலைக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர். எட்டுப் பேருக்கு 1,440 லிட்டர், அதாவது மொட்டைமாடி ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்றரை. ஷவர் நிமிடத்துக்கு 8, 9 லிட்டர் கொட்டும். பத்து நிமிடக் குளியலுக்கு 90 லிட்டர் போய்விடும். அதே குளியல் வாளியில் 20 லிட்டரில் முடியும். அதனால் “ரூமில் வாளியும் மக்கும் இருக்கா?” என்று கேட்பது அசட்டுக் கேள்வி இல்லை. நீச்சல்குளம் உள்ள இடத்தைத் தள்ளிவிடுங்கள். 8 x 4 மீட்டர் குளம் சுமார் 38,000 லிட்டர் பிடிக்கும்; நாளுக்கு 5 மி.மீ. ஆவியானாலே 160 லிட்டர் காற்றோடு போகும், ஃபில்டர் கழுவும் நீர் தனி. கடலுக்கு நூறடி தள்ளிக் குளம் எதற்கு?

அடுத்தது கழிவுநீர். “செப்டிக் டேங்க் இருக்கு சார்” என்பது பதில் ஆகாது. டேங்க் திடக்கழிவைத்தான் பிடித்து வைக்கும். மேலே தெளிந்து வெளியேறும் நீரில் நைட்ரஜன் சத்தும் பாஸ்பேட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். களிமண்ணில் அது மெதுவாக இறங்கும். கடற்கரை மணலில் தோண்டிய உறிஞ்சு குழியோ சல்லடை மாதிரி. நீர் நேராகக் கிணற்றுக்கோ கடலுக்கோ போய்விடும். அந்த உரத்தில் பாசி கொழுத்துப் பவளத்தை மூடும். நல்ல பதில் இப்படி இருக்கும்: செப்டிக் டேங்க், அடுத்து ஒரு ஃபில்டர் அறை, அதற்கடுத்து ஜல்லிப் படுகையில் கல்வாழையோ நாணலோ, அங்கிருந்து வரும் நீர் தோட்டத்துக்கு. சமையலறை வடிகாலுக்கு எண்ணெய் பிடிக்கும் தொட்டி தனியாக வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஜல்லியை அடைத்துப் படுகை நாறும். விருந்தினர் போட்டோக்களையும் பாருங்கள். கடல் வற்றிய நேரத்துப் படத்தில் விடுதிக்கு நேரெதிர்ப் பாறையில் மட்டும் பச்சைப் பாசி மெத்தை மாதிரி படர்ந்திருந்தால் சந்தேகப்படலாம்.

கரண்ட்: தீவுகளில் பெரும்பகுதி மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில்தான். 1.5 டன் ஏசி இரவு 8 மணி நேரத்தில் 7, 8 யூனிட் இழுக்கும். லிட்டருக்கு சுமார் 3.5 யூனிட் என்று வைத்தால் ஒரு அறைக்கு இரவுக்கு 2 லிட்டருக்கு மேல் டீசல், அதுவும் கப்பலில் வந்த டீசல். பிப்ரவரி இரவுக்கு ஃபேனும் கொசுவலையும் போதும்.

குடிநீருக்கு ஆர்ஓ என்றால் அதிலும் ஒரு சிக்கல்: சின்ன மெஷின் 1 லிட்டர் கொடுக்க 2, 3 லிட்டரைக் கழிவாக விடும். உப்பில்லாத ஊற்றுநீருக்கு யுவி ஃபில்டரோ கொதிக்க வைப்பதோ போதுமே. எப்படியிருந்தாலும் பாட்டில் நிரப்பித் தருகிறார்களா என்று கேட்டுவிட்டு ஆளுக்கு ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள்.

ஓதம்:

சன்ஸ்கிரீன் பற்றி மட்டும். ‘ரீஃப் சேஃப்’ (பவளத்துக்குக் கெடுதல் இல்லாதது) என்ற சொல்லுக்குச் சட்ட வரையறை இல்லை, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற ரசாயனங்களில் எது இருந்தாலும் வேண்டாம். இரண்டில் ஒன்று கலந்ததைக்கூட ஹவாய் 2021 ஜனவரி 1 முதல் விற்க விடுவதில்லை, பலாவ் தீவு 2020-லேயே தடை செய்துவிட்டது. ஜிங்க் ஆக்ஸைடு 20 சதவீதம் அளவில், நானோ (மிக நுண்ணிய துகள்) அல்லாதது என்று போட்டிருந்தால் வாங்கலாம்.

ஆனால் க்ரீமை மாற்றுவதை விடச் சட்டையை மாற்றுவது மேல். உடம்பு முழுக்க ஒழுங்காகப் பூச ஒரு தடவைக்கு 30 மில்லி வேண்டும். முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை லெக்கிங்ஸும் போட்டால் முகம், கழுத்து, புறங்கைக்கு 5 மில்லியில் முடிந்துவிடும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: பவளத்துக்கு முதல் எதிரி சன்ஸ்கிரீன் இல்லை, கடல் சூடு. அந்தமானில் 1998, 2010, 2016-ல் பவளம் வெளிறியது சூட்டால்தான்.

சுற்றுலாக்காரர் செய்யும் நேரடிச் சேதம் பெரும்பாலும் காலால் வருவது. கிளைப் பவளம் ஒரு உதையில் உடையும். உருண்டைப் பவளம் வருஷத்துக்கு 1 செ.மீ. வளர்ந்தாலே அதிகம். கடல் வற்றும்போது பாறைக்கு மேல் இடுப்பளவு நீர்தான் நிற்கும், காலில் மாட்டும் ஃபின் துடுப்பு கட்டாயம் இடிக்கும். ஓத அட்டவணை (கடல் ஏறி வற்றும் நேரம்) பார்த்து, நீர் ஏறி முடிவதற்கு ஒன்றரை மணி முன்பு ஸ்நார்கலிங் (மூச்சுக்குழாய் வைத்து மேலே மிதந்தபடி பார்ப்பது) இறங்குங்கள். ஹேவ்லாக்கின் எலிஃபன்ட் பீச்சில் ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மிதக்க வைத்து, வழிகாட்டி இழுத்துப் போவார். அவர் எங்கே கால் ஊன்றுகிறார் என்று பாருங்கள். பவளத்தில் நின்றால் அங்கேயே சொல்லலாம், பெரும்பாலும் கேட்டுக்கொள்வார். மீனுக்கு பிஸ்கட் போட வேண்டாம். பாசி மேய்கிற மீன் பிஸ்கட்டுக்குப் பழகினால் பாசியை யார் தின்பது?

நீலில் இதற்கு நேர்மாறு. லக்ஷ்மண்பூர் இயற்கைப் பாலத்தை வற்றிய நேரத்தில்தான் பார்க்க முடியும். வெறும் பாறையில் மட்டும் நடங்கள், குட்டைக்குள் கால் வைக்காதீர்கள். கடல் அட்டையைத் தூக்கிப் பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். மிரண்டால் அது குடலையே வெளியே தள்ளும். 1972 வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிரி வேறு.

13 வயதுப் பிள்ளை ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது) போகலாம், பொதுவாகக் குறைந்தபட்ச வயது 10. சின்னவருக்கு ஸ்நார்கலிங் போதும். ஸ்கூபா முடிந்து 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது, அதனால் கடைசி நாளில் வைக்காதீர்கள்.

பெசன்ட் நகர் ஆமை:

எல்லாம் சரி, திட்டமே தப்பு. 6 இரவில் நாலு தடவை பெட்டி கட்டினால் அது சுற்றுலாவா, வீடு மாற்றமா? சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,370 கி.மீ.; விமானத்தில் ஆளுக்கு ஒரு வழிக்குச் சுமார் 90 கிலோ கரியமில வாயு. போய்வர எட்டுப் பேருக்கு ஒன்றரை டன்னைத் தொடும். அதை ஏசியை அணைத்து ஈடுகட்ட முடியாது. போவதென்று முடிவான பிறகு கையில் இருப்பது ஒன்றுதான்: ஒரே இடத்தில் நிறைய நாள் இருப்பது.

கப்பல் என்றால் பசுமை என்றும் நினைக்க வேண்டாம். ஒரு வழிக்கே மூன்று நாள் ஆகும், அத்தனை நேரமும் இன்ஜினும் ஏசியும் சமையலும் ஓடும். தீவுக்காரர்களுக்கும் சரக்குக்கும் அது எப்படியும் போகிற கப்பல் என்பது மட்டுமே அதற்குச் சாதகம். 6 இரவு விடுப்பில் நடக்காது.

பாராடாங்கை அடித்துவிடுங்கள். ஜிர்காடாங்கிலிருந்து அந்தச் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் போகிறது. 1956-லிருந்து பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வண்டிகளை வரிசையாகத்தான் விடுவார்கள், வழியில் நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது. குகை நன்றாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றுலா வண்டியும் அந்த வரிசையை நீட்டுகிறது. அதற்குப் பதில் வண்டூரிலிருந்து படகில் ஜாலி பாய் தீவு. 1983-ல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் இருக்கிறது, பிப்ரவரியில் திறந்திருக்கும், திங்கள் விடுமுறை. பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைச் சோதித்துத்தான் படகேற்றுவார்கள், சிப்ஸ் பாக்கெட்டை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

வேளச்சேரி வெயில்:

மூவருக்கும் நன்றி. டிராவல்ஸ்காரரிடம் பேசி மாற்றியாச்சு: ஹேவ்லாக் 4, போர்ட் பிளேர் 2. நீலும் பாராடாங்கும் இல்லை. மூன்று விடுதிக்கும் போன் போட்டதில் ஒன்றில் மட்டும் கல்வாழைப் படுகை, வாளி, ஃபேன் அறை மூன்றுமே உண்டு என்றார்கள், மூன்றில் அதுதான் மலிவும்! இரண்டு சந்தேகம். கிளிஞ்சல் பொறுக்கலாமா? அங்கே எந்த மீன் சாப்பிடலாம்?

ஓதம்:

பொறுக்கலாம், பார்க்கலாம், அங்கேயே போட்டுவிட வேண்டும். காலி ஓட்டில் துறவி நண்டு குடியேறும். செத்த பவளத்துண்டானாலும் எடுத்து வந்தால் சட்டப்படி குற்றம்தான். விமான நிலையத்தில் ஸ்கேனரில் பிடித்தால் பிள்ளை என்று விடமாட்டார்கள்.

மீனில் சூரை, வஞ்சிரம், பாரை கேளுங்கள். கிளிமீன் வேண்டாம், அது பவளத்தின் மேல் பாசி மேய்கிற மீன். பெரிய களவாயும் வேண்டாம், மெதுவாக வளர்வது. சிங்கி இறாலின் வயிற்றடியில் முட்டை தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள்.

நாலு இரவில் ஒன்று அமாவாசையை ஒட்டி வந்தால் மாங்குரோவ் ஓடையில் இரவு கயாக்கில் (சின்னத் துடுப்புப் படகு) போங்கள், துடுப்பு பட்ட இடத்தில் நீர் ஒளிரும். கொசுவுக்கு க்ரீம் பூசாமல் முழுக்கைச் சட்டையோடு போனால் அந்த மருந்து ஓடை நீரில் கலக்காது.

கிணற்றடி:

ஒன்று விட்டுப்போச்சு. பிஸ்கட், சோப்பு, பேஸ்ட்டின் வெளி அட்டையையும் உறையையும் வேளச்சேரியிலேயே பிரித்துப் போட்டு, சம்படத்தில் கொண்டு போங்கள். அங்கே சேர்கிற பளபள பாக்கெட், டயப்பர், பேட்டரி எதையும் அறைக் கூடையில் போடாமல் ஒரு தடித்த பையில் கட்டித் திருப்பி எடுத்து வாருங்கள். எட்டுப் பேருக்கு ஒரு கிலோ தேறினால் அதிகம். திரும்பும்போது தீனி தீர்ந்து பெட்டியில் இடம் இருக்கும்.