ஒஃப்ரா ஹாசாவின் ‘ஷடாய்’: இறைப்பாட்டை நடன அரங்குக்குக் கொண்டுபோனது சரியா?

பழைய கேசட்:
1988இல் வெளிவந்த ‘ஷடாய்’ இசைத்தொகுப்பை இந்த வாரம் முழுமையாக இரண்டு முறை கேட்டேன். எபிரேயம், ஏமன் அரபு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் இஸ்ரேலியப் பாடகி ஒஃப்ரா ஹாசா பாடியிருக்கும் இத்தொகுப்பைப் பலரும் கொண்டாடுவதால், எனக்குள்ள மனக்குறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதன் முதன்மைப் பாடலான ‘இம் நின்அலு’, 17ஆம் நூற்றாண்டில் ஏமனில் வாழ்ந்த யூதக் கவிஞர் ஷாலோம் ஷபாசியின் இறைப்பாட்டு. வள்ளல்களின் வாசல்கள் அடைபட்டாலும் விண்ணகத்தின் வாசல்கள் அடைபடுவதில்லை என்று அது தொடங்குகிறது. 1984இல் ஏமன் பாடல்கள் தொகுப்பில் ஒஃப்ரா அதைப் பாடியபோது மரபின் மணம் இருந்தது. 1987இல் லண்டனின் ‘கோல்ட்கட்’ என்ற இசை இணையர், அமெரிக்க எரிக் பி – ராக்கிம் இணையின் ராப் பாடல் ஒன்றை மறுகலவை (ரீமிக்ஸ்) செய்தபோது, ஒஃப்ராவின் குரலைத் துண்டு துண்டாக வெட்டி அதில் ஒட்டினார்கள். மறு ஆண்டே மின்னணுத் தாளத்துடன் வந்த புதிய பதிவு மேற்கு ஜெர்மனியின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. சொல்லின் பொருள் தெரியாமல் ஆடுவதற்கு ஓர் இறைப்பாட்டு எதற்கு என்பதே என் கேள்வி.

தூரதேசி:
நண்பரே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அது தவறான இடத்தில் நிற்கிறது என்று நினைக்கிறேன். ஷபாசியின் பாடல்கள் ஏட்டில் படித்துவிட்டு மூடிவைப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஏமன் யூதர்கள் ‘திவான்’ என்று அழைக்கும் பாடல் திரட்டிலிருந்து அவற்றைத் திருமண வீடுகளில் பாடினார்கள், பாடிக்கொண்டே ஆடினார்கள். எருசலேம் ஆலயம் அழிந்த துயரத்தை முன்னிட்டு இசைக்கருவிகளை ஒதுக்கிய அவர்கள், தகர டப்பாவிலும் செம்புத் தாம்பாளத்திலும் தாளமிட்டார்கள். மொழிக் கலப்பும் ஒஃப்ரா கொண்டுவந்ததல்ல. ஷபாசியே எபிரேயத்தையும் அரபையும் கலந்து எழுதியவர்.

நான் ஏமன் யூதர்கள் பெருமளவில் குடியேறிய ரோஷ் ஹாஆயின் நகரில் ஒரு மூதாட்டிக்குப் பராமரிப்பாளராக நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். மாலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்தால், காலித் தட்டை இடக்கையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வலக்கை மோதிரத்தால் அதன் விளிம்பைத் தட்டத் தொடங்கிவிடுவார். ‘ஷடாய்’ தொகுப்பின் தாளத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தட்டின் ஓசைதான் நினைவுக்கு வருகிறது.

பழைய கேசட்:
ஆடினார்கள் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தத் திருமண வீட்டில் ஆடியவருக்கு வள்ளலின் வாசல் எது, விண்ணின் வாசல் எது என்பது தெரியும். ஜெர்மன் நடன அரங்கில் ஆடியவருக்குத் தெரியாது. ஒரே பாட்டுக்கு இருவர் ஆடினாலும் இரண்டும் ஒன்றாகிவிடுமா? மேலும், இத்தொகுப்பின் ஆங்கிலப் பாடல்களைப் பற்றி ஒருவருமே வாய் திறப்பதில்லை. ‘டேக் மீ டு பாரடைஸ்’ போன்றவற்றை அந்தக் காலத்தின் எந்தப் பாடகியும் பாடியிருக்கலாம். அவற்றில் ஏமனும் இல்லை, டெல் அவிவும் இல்லை.

பொருநைக்கரை:
ஆங்கிலப் பாடல்களைப் பொறுத்தவரை நான் உங்கள் பக்கம்தான், ஐயா. ஆனால் பொருள் தெரியாமல் கேட்பவர் என்றைக்கும் பொருளைத் தேட மாட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதே தொகுப்பில் ‘லவ் சாங்’ என்று ஆங்கிலத் தலைப்பிட்ட எபிரேயப் பாடல் ஒன்று இருக்கிறது. அவர் குரலை மட்டுமே நம்பி நிற்கிற அந்தப் பாடலை ஒரு சொல்கூட விளங்காமல் மாதக்கணக்கில் கேட்டேன். பிறகு அதன் மூலத்தைத் தேடிப் பார்த்தால் உன்னதப்பாட்டின் எட்டாம் அதிகாரம்! ‘நேசம் மரணத்தைப்போல் வலிது’ என்ற வசனத்தை எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அம்மா எத்தனையோ முறை வாசித்திருக்கிறார். சிறுவயதிலிருந்து தமிழில் மனப்பாடமாக இருந்த வரியை அதன் பிறந்த மொழியிலேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்று தெரிந்தபோது, பாட்டை நிறுத்திவிட்டு வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன். அந்தத் தாளமும் அந்த விற்பனையும் இல்லாதிருந்தால் இந்தப் பாட்டு என் காதுக்கு வந்தே இருக்காது.

மௌனவாசகன்:
யாரும் தொடாத ஒரு செய்தி. டெல் அவிவின் ஏழைக் குடியிருப்பான ஹதிக்வாவில், ஏமனிலிருந்து வந்த பெற்றோருக்கு ஒன்பதாவது குழந்தையாகப் பிறந்தவர் ஒஃப்ரா. கீழைநாட்டு யூதர்களின் இசைக்கு இஸ்ரேலிய வானொலி அப்போது ஒரு சிறு மூலையைத்தான் ஒதுக்கியது. அந்தப் பாட்டுகள் டெல் அவிவ் மத்தியப் பேருந்து நிலையத்துக் கடைகளில் கேசட்டுகளாக விற்றன. ஒஃப்ராவோ நவீன எபிரேயப் பாடல்களாலேயே புகழ் பெற்று, 1983இல் மியூனிக்கில் நடந்த யூரோவிஷன் என்னும் பன்னாட்டுப் பாடல் போட்டியில் இரண்டாம் இடமும் பெற்றுவிட்டார். அந்த உயரத்தில் நின்றுகொண்டு, அடுத்த ஆண்டே பெற்றோரின் பாட்டுகளுக்குத் திரும்பியவரை மரபை விற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தூரதேசி:
இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏமன் மரபில் ‘திவான்’ எபிரேயப் பாடல்கள் ஆண்களுக்குரியவை. பெண்கள் தங்கள் அன்பையும் துயரத்தையும் வாய்மொழி அரபுப் பாட்டுகளில்தான் பாடினார்கள். ஒரு பெண் ஷபாசியின் பாட்டை எடுத்து உலகறியப் பாடியதுதான், மின்னணுத் தாளத்தைவிடப் பெரிய மீறல் என்பேன். அதையும் அவர் அரைகுறையாகச் செய்யவில்லை. இன்றைய இஸ்ரேலியர் பலரின் பேச்சில் மங்கிப்போன ஹெத், அயின் என்னும் தொண்டை ஒலிகளைத் தம் பெற்றோரின் நாவிலிருந்த அதே அழுத்தத்தோடு ஒலிக்கிறார். நம் பிள்ளைகள் ழகரத்தைத் தொலைத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் அதைச் சுத்தமாகச் சொன்னால் காது எப்படி நிமிருமோ, அப்படி இருக்கும்.

பழைய கேசட்:
ஆண் பாட்டு, பெண் பாட்டு என்ற இந்த வேறுபாடு எனக்குப் புதிது, நன்றி. ஒலிப்பைப் பற்றி நீங்கள் சொல்வதையும் மறுக்க மாட்டேன், ஏனென்றால் தாளம் நுழைவதற்குமுன் அவர் குரல் தனியாக எழும் அந்தத் தொடக்கம்தான் எனக்கும் பிடித்த இடம். ஆனாலும் 1984 பதிவில் பாட்டு மூச்சுவிட்டு நகர்கிறது. 1988 பதிவு அதைத் துரத்துகிறது. இந்தக் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு சந்தேகம், தூரதேசி: அந்த மூதாட்டி தட்டில் தாளமிட்டுப் பாடியது எபிரேயமா, அரபா?

தூரதேசி:
அரபு மட்டும்தான், நண்பரே. எபிரேயப் பாட்டுகளை அப்பாவும் அண்ணன்மாரும் ஆண்கள் கூடும் அறையில் பாட, அடுக்களையிலிருந்து கேட்டதாகச் சொல்வார். வானொலியில் ‘இம் நின்அலு’ வந்தால் மட்டும், நீங்கள் குறை சொல்லும் அந்த 1988 பதிவாகவே இருந்தாலும், தட்டைக் கீழே வைத்துவிட்டு எபிரேய அடிகளை ஒன்று விடாமல் உரக்கப் பாடுவார்.