தகவல் எழுத்தறிவா, தகவல் தேர்திறனா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம். Information literacy என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற நம் விவாதத்தில் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> "தகவல் எழுத்தறிவு" என்றே வைத்துக்கொள்ளலாமே, கணினி எழுத்தறிவு என்று சொல்வதுபோல?

ஐயா, எனக்கு இதில் உடன்பாடில்லை. கல்லூரி நூலகத்தில் இந்த வகுப்பை எடுப்பவள் நான். எழுத்தறிவு என்றதும் நம் ஊரில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கம்தான் நினைவுக்கு வரும். எம்.ஏ. படிக்கும் பெண்ணிடம் "உனக்குத் தகவல் எழுத்தறிவு போதாது" என்றால் மனம் நோகும். "தகவல் அறிவு" என்று சுருக்கினால், கேட்பவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றியா என்கிறார்கள்.

இந்த ஆங்கிலத் தொடரை 1974-இல் உருவாக்கியவர் அமெரிக்கரான பால் சுர்கோவ்ஸ்கி. அதற்கு அமெரிக்க நூலகச் சங்கக் குழுவின் 1989 அறிக்கை தந்த விளக்கம்தான் இன்றும் வகுப்புகளில் சொல்லப்படுகிறது: தகவல் தேவை என்று உணர்வது, அதைக் கண்டடைவது, மதிப்பிடுவது, பயன்படுத்துவது. நான்கும் செயல்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பதோடு இவற்றுக்கு உறவு குறைவு.

போன பருவத்தில் ஒரு மாணவி, பாசன ஏரிகளைப் பற்றி ஆய்வேடு எழுத வந்தவர், தென்மாவட்டங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோய் நின்றார். என்ன சொல் போட்டுத் தேடினீர்கள் என்று கேட்டேன். "ஏரி." சரி, மதுரை, ராமநாதபுரம் பக்கம் அதைக் கண்மாய் என்பார்கள், திருநெல்வேலியில் குளம் என்பார்கள், அந்தச் சொற்களையும் போட்டுப் பாருங்கள் என்றேன். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்திலேயே ஆய்வேடுகள் வந்து விழுந்தன. அப்புறம்தான் பெரிய வேலை: எது களத்துக்குப் போய் எழுதியது, எது இன்னொன்றைப் பார்த்து எழுதியது என்று பிரிப்பது. அதற்கே இரண்டு வாரம் ஆனது.

இந்தத் தேடலையும் பிரித்தறிதலையும் ஒரே வினைச்சொல் தாங்குகிறது: தேர். "கொங்குதேர் வாழ்க்கை" என்கிறது குறுந்தொகை. பூந்தாதை ஆராய்ந்து தேடித் திரியும் தும்பியின் வாழ்க்கை. அடுத்த அடியில் தலைவன் அதனிடம் "காமம் செப்பாது கண்டது மொழிமோ" என்கிறான். எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, கண்டதைச் சொல். ஆய்வு மாணவருக்கு நான் சொல்ல நினைப்பதும் இதுதான்.

ஆகவே என் முன்மொழிவு: தகவல் தேர்திறன்.

"தேர்ச்சி" போதாதா என்று முன்பே ஒருவர் கேட்டிருந்தார். அந்தச் சொல் தேர்வு முடிவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. "தகவலில் தேர்ச்சி" என்றால் எத்தனை மதிப்பெண் என்றுதான் கேட்பார்கள். தேர்திறனில் அந்தக் குழப்பம் இல்லை. "தேர்திறன் வகுப்பு", "தேர்திறன் மிக்க மாணவர்" என்று அடுத்த சொற்களோடும் இயல்பாகச் சேர்கிறது.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. கிடைத்ததை முறையாக மேற்கோள் காட்டிப் பயன்படுத்துவது என்ற நான்காம் பகுதி இந்தச் சொல்லில் நேரடியாக இல்லை. அதையும் ஏந்தும் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். திங்கட்கிழமை புது மாணவர்களுக்கு முதல் வகுப்பு, பலகையில் தலைப்பு எழுத வேண்டும்.

அன்புடன்,
ஒரு நூலகர்